ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் 18 வயதுக் கோப்பு: ஓர் இளம் முன்கள வீரரிடம் எதைப் பார்ப்பது?

வடதிசை:

அனைவருக்கும் வணக்கம். ஐஸ் ஹொக்கியில் இளம் முன்கள வீரர்களின் மதிப்பீடு குறித்து இங்கே பேச்செழும்போதெல்லாம் "கை நல்ல கை, கால்தான் மெதுவு" என்ற அளவிலேயே உரையாடல் நின்றுவிடுகிறது. ஒரே ஒரு வீரரை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேசலாமா என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் முன்வைக்கும் பெயர் ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. 2022 ஜூலை 7 அன்று மொன்றியல் பெல் சென்டரில் நடந்த என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறைத் தொடர்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில், மொன்றியல் கனடியன்ஸ் அணி முதல் தெரிவாக அவரை அறிவித்தபோது, எங்கள் ஊர் ரசிகர்களில் பலர் எதிர்பார்த்திருந்தது கனடிய வீரர் ஷேன் ரைட்டின் பெயரைத்தான். ரைட் நான்காம் இடம்வரை இறங்கி சியாட்டில் அணிக்குப் போனார்.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் கோப்பில் அன்று ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பக்கங்கள் இருந்தன. பின்லாந்தின் லீகா தொடரில், துர்க்கு நகரத்து டிபிஎஸ் அணிக்காக 31 ஆட்டங்களில் 5 கோல், 5 உதவி (பிறர் கோலுக்கு வழிசெய்த அனுப்பல்), ஆக 10 புள்ளிகள் என்பது முதல் பக்கம். அதே பருவத்தின் நடுவே, 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 ஆட்டங்களில் 7 கோல், ஸ்லோவாக்கியாவுக்கு ஐஸ் ஹொக்கியில் முதல் ஒலிம்பிக் பதக்கம், தொடரின் சிறந்த வீரர் விருது என்பது இரண்டாம் பக்கம். அப்போது அவருக்கு 17 வயது. முதல் பக்கத்தை மட்டும் படித்தவர் அவரை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளியிருப்பார். இரண்டாவதை மட்டும் படித்தவர் செக் நட்சத்திரம் யாகரைப் போல் அடுத்தவர் வந்துவிட்டார் என்றிருப்பார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்களுமே அவரைச் சரியாகக் காட்டவில்லை. பக் (ஆடும் வட்டு) அவரிடம் வந்து சேர்வதற்கு முந்தைய இரண்டு விநாடிகளில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தவருக்கே, அவர் எதில் வளர்வார், எதில் திணறுவார் என்பது புலப்பட்டிருக்கும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தரவுக்கணக்கு:

எண்களின் பக்கம் நின்று சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லீகா வளர்ந்த ஆண்கள் ஆடும் தொழில்முறைத் தொடர். அங்கே 17 வயதுப் பையனுக்கு மூன்றாம் அல்லது நான்காம் வரிசையில்தான் (ஒன்றாக இறங்கும் மூன்று முன்கள வீரர்களின் குழு) இடம் கிடைக்கும். பவர் பிளேயில், அதாவது எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும்போது, நிற்கும் வாய்ப்பும் குறைவு. ஆகவே 10 புள்ளிகளை கனடாவின் ஜூனியர் தொடர் எண்களோடு நேராக ஒப்பிடுவது நியாயமாகாது. அதே நியாயத்தை ஒலிம்பிக்குக்கும் பொருத்த வேண்டும். பெய்ஜிங்கில் என்எச்எல் வீரர்கள் ஆடவில்லை. ஏழு ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய மாதிரி. அதில் அவருடைய ஏழு புள்ளிகளும் கோல்களே. ஓர் உதவிகூட இல்லை. எடுத்த ஷாட்களில் அவ்வளவு பெரிய பங்கு வலைக்குள் போவது எந்த வீரருக்கும் நீடிக்காது. அந்தப் பருவத்தில் என்னை யோசிக்க வைத்தது மே மாதத்து உலகச் சாம்பியன்ஷிப்தான். 8 ஆட்டங்களில் 9 புள்ளிகள், அவற்றில் 6 உதவிகள். ஒலிம்பிக்கில் கோலடித்தவர் அங்கே பிறருக்குப் பந்தி வைத்தார்.

ஆனாலும் எண்களை மட்டும் வைத்து நான் தெரிவு செய்திருந்தால் அவரை முதலாவதாக எடுத்திருக்க மாட்டேன். ரைட் அந்தப் பருவத்தில் கனடாவின் ஜூனியர் அணியான கிங்ஸ்டனுக்காக 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் எடுத்திருந்தார். மொன்றியல் அணியின் தேர்வாளர்கள் எண்களுக்கு அப்பால் எதையோ பார்த்திருக்க வேண்டும். அது என்ன என்பதே எனக்கும் கேள்வி.

நீலக்கோடு:

அந்த "எதையோ" தொலைக்காட்சியில் தெரியாது என்பதுதான் சிக்கல். ஒளிபரப்புக் கேமரா பக்கின் பின்னாலேயே ஓடுகிறது. நாம் மதிப்பிட வேண்டிய வீரரோ ஓர் ஆட்டத்தின் பெரும்பகுதியில் பக் இல்லாமலேயே இருக்கிறார். நேரில் பார்க்கும்போது அரங்கின் மேல் வரிசையில் உட்கார்ந்து, ஷிஃப்ட் (ஒரு முறை பனியில் இறங்கி ஆடும் நேரம்) தொடங்கியதிலிருந்து அவர் பெஞ்சுக்குத் திரும்பும்வரை, கோலே விழுந்தாலும் கண்ணை எடுக்காமல் அந்த ஒருவரை மட்டும் தொடர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை விரித்துச் சொல்கிறேன். ஸ்லாஃப்கோவ்ஸ்கி இடது விங்கர் (ஓர முன்கள வீரர்). தம் அணி சொந்தப் பகுதியிலிருந்து வெளியேறும்போது அவர் அரங்கைச் சுற்றியுள்ள பலகையின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்பார். பின்னாலிருந்து தற்காப்பு வீரர் பலகையின் வளைவு வழியாகப் பக்கை அனுப்புவார். அதே நேரத்தில் எதிரணித் தற்காப்பு வீரர் ஒருவர் அந்தப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து அவரை நோக்கி இறங்குவார். இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பக் வருவதற்கு முன் அவர் தோளுக்கு மேல் திரும்பி, வருபவர் யார், நடுவில் தம் சென்டர் (நடு முன்கள வீரர்) எங்கே என்று பார்க்கிறாரா என்பது ஒன்று. பக் வந்த பின் உடலை எப்படி வைக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டாவதில் அவர் 17 வயதிலேயே தேர்ந்தவராக இருந்தார். இடுப்பை எதிராளிக்கும் பக்குக்கும் நடுவே கொடுத்து, கீழ்க்கையை மட்டையிலிருந்து எடுத்து எதிராளியை ஒதுக்கி நிறுத்தி, மேல்கை ஒன்றாலேயே பக்கைத் தள்ளிக்கொண்டு பலகையிலிருந்து சுழன்று வெளியே வருவார். 6 அடி 3 அங்குல உயரமும் 100 கிலோவை ஒட்டிய எடையும் உள்ளவர் அப்படிச் சுழலும்போது, அவரைவிடப் பத்து வயது மூத்த பின்லாந்துக்காரர்களும் பின்வாங்கினார்கள். முதலாவதில்தான் ஓட்டை. திரும்பிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகியிருக்கவில்லை. பார்க்காமலேயே சமாளித்துவிடும் அளவுக்கு உடல் அவருக்குத் துணை நின்றது.

பெய்ஜிங் அரங்குகள் என்எச்எல் அளவில், சுமார் 26 மீட்டர் அகலத்தில் அமைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வீரர்களைப் பற்றி "குறுகிய அரங்கில் இவருக்கு நேரம் கிடைக்குமா?" என்று வழக்கமாக எழும் ஐயத்துக்கு, அந்த இரண்டு வாரங்கள் பாதி விடையையாவது தந்தன.

மூன்றாம்வரிசை:

ரைட் ஏன் இறங்கினார் என்பதையும் இந்த இழையில் பேசாவிட்டால் மதிப்பீடு ஒருதலையாகிவிடும். 2019-இல் கனடாவின் ஜூனியர் தொடரான ஓஎச்எல்லில் ஒரு வயது முன்னதாகவே ஆடுவதற்குச் சிறப்பு அனுமதி பெற்றவர் அவர். முதல் பருவத்திலேயே 39 கோல் அடித்தார். அடுத்த ஆண்டு பெருந்தொற்றால் அந்தத் தொடரே நடக்கவில்லை. 2021 வசந்தத்தில் டெக்சாஸில் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் மட்டும், அணித்தலைவராக 5 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். டிராஃப்ட் பருவத்தில் 94 புள்ளிகள் எடுத்தும் "இன்னும் எதிர்பார்த்தோம்" என்றார்கள்.

15 வயதிலிருந்து ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவருடைய பலம் பழகிப்போய்விடும். குறைகளே புதிதாகத் தெரியும். ரைட்டின் ஷாட் கையை விட்டு வெளியேறும் வேகம், பக் இல்லாதபோது சரியான இடத்தில் நிற்கும் ஒழுங்கு, சொந்தப் பகுதிக்குத் திரும்பிவரும் நேர்மை ஆகியவை 2020-லேயே எல்லாருடைய கோப்பிலும் ஏறிவிட்டன. 2022-இல் எழுதப் புதிதாகக் கிடைத்தவை "ஆட்டத்தைத் தன் கையில் எடுப்பதில்லை", "வேகத்தை மாற்றுவதில்லை" என்பவைதான். ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் கதை தலைகீழ். அவரைப் பெரும்பாலோர் கவனிக்கத் தொடங்கியதே கடைசி ஓராண்டில்தான்; பார்க்கப் பார்க்கப் பலம் கூடிக்கொண்டே போனது. இது தேர்வாளரின் கண்ணில் உள்ள சாய்வு. வீரரின் ஆட்டத்தோடு இதற்குத் தொடர்பில்லை.

வடதிசை:

மூன்றாம்வரிசை அண்ணா சொன்ன சாய்வு உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் ரைட் மேல் வைக்கப்பட்ட விமர்சனத்தில் உள்ளடக்கமும் இருந்தது. நடுப்பகுதியில் பக்குடன் வரும்போது எதிராளியை ஏதேனும் ஒரு முடிவுக்கு நெருக்காமல், பாதுகாப்பான அனுப்பலைத் தெரிவு செய்யும் பழக்கம் அவருக்கு இருந்தது. அது நல்ல சென்டருக்கு உரிய பண்புதான். முதல் தெரிவாக வருபவரிடம் ஓர் அணி அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கிறது.

பனிமலர்:

பலவீனங்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதை விட, அவற்றில் எது எதிலிருந்து பிறக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் நிலைப்பாடு. சறுக்கும் முறையில் உள்ள குறை பெரும்பாலும் திருத்தக்கூடியது. பிரேடன் பாயிண்ட் 2014-இல் 79-ஆம் தெரிவாகப் போனதற்கு உயரக் குறைவும் முதல் சில எட்டுகளின் மந்தமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. டாம்பா பே அணி அவரை பார்பரா அண்டர்ஹில்லிடம் ஒப்படைத்தது. 1984-இல் ஜோடிப் பனிச்சறுக்கில் உலகச் சாம்பியனாகி, பிற்பாடு ஹொக்கி வீரர்களுக்குச் சறுக்கல் பயிற்சி தருபவராக மாறியவர் அவர். பாயிண்ட் 2020, 2021 ஆகிய இரண்டு பிளேஆஃப்களிலும் (பருவ இறுதிச் சுற்றுகள்) தலா 14 கோல் அடித்தார். இரண்டிலும் டாம்பா ஸ்டான்லி கோப்பையை வென்றது.

ஆட்டத்தை வாசிக்கும் திறன் இல்லாவிட்டால் அதை அப்படிப் பயிற்சி கொடுத்து உண்டாக்குவது மிகக் கடினம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் "தலை குனிதல்". பக்கைப் பார்த்தபடி நடுப்பகுதிக்குள் நுழையும் ஒருவரை "ஆட்ட அறிவு குறைவு" என்று குறித்துவிடுவது எளிது. ஆனால் அவர் தலையை நிமிர்த்தும் தருணங்களில் எடுக்கும் முடிவுகள் சரியாக இருந்தனவா என்று பார்க்க வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப்பின் 6 உதவிகளை தரவுக்கணக்கு எடுத்துக்காட்டியது இங்கேதான் பொருந்துகிறது. பார்த்தபோது சரியாகவே பார்த்தார். பார்க்கும் எண்ணிக்கைதான் போதவில்லை. சிறு வயது முதல் தன் வயதினரில் எப்போதும் பெரியவராகவே இருந்த பையனுக்கு, பார்க்காததற்கான தண்டனை அதுவரை கிடைத்ததில்லை.

வடதிசை:

தண்டனை மொன்றியலில் கிடைத்தது. 2022–23 முதல் பருவத்தில் சராசரியாக 12 நிமிடங்கள் ஆடி, 39 ஆட்டங்களில் 10 புள்ளிகள் எடுத்தார். நடுப்பகுதியில் தலை குனிந்தபடி பலத்த மோதல்களை வாங்கினார். 2023 ஜனவரியில் ஏற்பட்ட முழங்கால் காயத்தோடு அந்தப் பருவம் முடிந்தது. அவரை மொன்றியலின் துணை அணியான லவாலுக்கு அனுப்பி, என்எச்எல்லுக்கு அடுத்த நிலையிலுள்ள ஏஎச்எல் தொடரில் 20 நிமிடங்கள் ஆடவிட்டிருக்க வேண்டும் என்று அன்று இங்கே பெரும் விவாதமே நடந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அதில் எனக்குப் பெரிய மாற்றமில்லை. ஐரோப்பிய அணியிலிருந்து வந்தவர் என்பதால் அவரை அங்கே அனுப்ப விதியில் தடை எதுவும் இல்லை. கனடாவின் ஜூனியர் தொடரிலிருந்து வந்த ரைட்டுக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. அதனால் சியாட்டில் அணி அவரை 8 ஆட்டங்களில் மட்டும் ஆடவிட்டு, இடையில் குறுகிய காலத்துக்கு ஏஎச்எல்லிலும் ஆடவைத்து, மீண்டும் ஜூனியர் தொடருக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

நீலக்கோடு:

லவாலுக்கு அனுப்பியிருந்தால் அவர் உடல்பலத்தால் அங்கேயும் தப்பித்திருப்பார் என்பது என் எண்ணம். திரும்பிப் பார்க்கும் பழக்கம், பார்க்காமல் தப்ப முடியாத இடத்தில்தான் வரும். காயம் என்ற விலை அதிகம்தான். ஆனால் 12 நிமிடங்கள் என்பதே அந்த ஆபத்தை மட்டுப்படுத்தப் பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயி கையாண்ட வழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம்வரிசை:

முழங்காலைக் கொடுத்துக் கற்கும் பாடத்தை எந்தப் பெற்றோரிடமும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தரவுக்கணக்கு:

அடுத்த பருவங்களைப் பார்ப்போம். 2023–24-இல் 82 ஆட்டங்களில் 20 கோல், 30 உதவி. நிக் சுசுகி, கோல் காஃபீல்ட் ஆகியோரின் வரிசையில் அவரை நிலைநிறுத்திய பிறகே அந்த எண்கள் ஏறின. 2024 ஜூலை 1 அன்று ஆண்டுக்கு 76 லட்சம் டாலர் வீதம் 8 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதையடுத்த 2024–25 பருவத்தில் 79 ஆட்டங்களில் 51 புள்ளிகள். ஏறத்தாழ அதே இடத்தில் நின்றார். அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போன லோகன் கூலி அந்தப் பருவத்தில் யூட்டா அணிக்காக 75 ஆட்டங்களில் 65 புள்ளிகள் எடுத்தார். ரைட் 79 ஆட்டங்களில் 44. எண்களை மட்டும் பார்த்தால் 2022-இன் சிறந்த முன்கள வீரர் கூலிதான் என்று அந்தப் பருவ முடிவில் வாதிட இடமுண்டு. இரண்டு நல்ல கூட்டாளிகள் அருகில் இல்லாமல் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 50 புள்ளி வீரரா என்ற கேள்வியும் அப்போது நின்றது.

நீலக்கோடு:

கூட்டாளிகளால் கிடைத்த புள்ளிகளா என்று கேட்பது சரிதான். அதோடு, கூட்டாளிகளுக்குப் பக் யாரால் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். காஃபீல்ட் 5 அடி 8 அங்குலம் மட்டுமே உயரமுள்ள, ஷாட்டுக்குப் பெயர்போன வீரர். வலைக்குப் பின்னாலும் பலகை ஓரத்திலும் முண்டிப் பக்கை மீட்கும் வேலையை அந்த வரிசையில் பெரும்பாலும் ஸ்லாஃப்கோவ்ஸ்கியே செய்தார். கோல்காப்பாளரின் பார்வையை மறைத்து நின்றவரும் அவரே. இந்த இரண்டும் புள்ளிக் கணக்கில் பல நேரம் ஏறுவதில்லை.

அவரிடம் எனக்குள்ள குறை வேறு. அவ்வளவு கனமான ஷாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பருவங்களில் அவர் மிகக் குறைவாகவே அடித்தார். வலைக்கு முன்னுள்ள இரண்டு வட்டங்களுக்கு நடுவே பக் கிடைத்தாலும் காஃபீல்டைத் தேடினார். தற்காப்பு வீரர் அந்த அனுப்பலுக்காகவே காத்திருக்கத் தொடங்கினால் அந்த வழியும் அடைபடும். சில ஆட்டங்களில் முதல் மோதல் நடக்கும்வரை அவர் ஆட்டத்துக்குள்ளேயே வரவில்லை. பக்கை அனுப்பியதும் கால் நின்றுவிட்டது. 2022-இல் எழுதப்பட்ட குறைகளில் தலை குனிதல் பெருமளவு தீர்ந்தது. கால் நின்றுபோவது தீரவில்லை. எது முதலில் தீரும் என்று அன்று கேட்டிருந்தால் நேர்மாறாகத்தான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

புதுமட்டை:

இங்கே புதியவன். ஒரு சந்தேகம். பையன்கள் ஆட்டத்தில், ஒருவன் திறமையால் வெல்கிறானா, முன்னதாக வளர்ந்துவிட்டதால் வெல்கிறானா என்று எப்படிப் பிரித்தறிவது?

பனிமலர்:

நல்ல கேள்வி, தம்பி. முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். என்எச்எல் டிராஃப்டில் அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைய வேண்டும் என்பதால், ஒரே தொகுப்பில் நிற்பவர்களிடையே ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி இருக்கக்கூடும். அடுத்து, தன்னைவிட மூத்தவர்களோடு ஆடும்போது அவன் எதை இழக்கிறான் என்று கவனியுங்கள். தள்ளி முன்னேறுவது மட்டும் நின்று, பக்கைக் கையாளுவதும் இடம் கண்டுபிடிப்பதும் தொடர்ந்தால் கவலையில்லை. எல்லாமே ஒன்றாக நின்றுவிட்டால் அதுவரை வென்றது உடல்தான். ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் லீகா பருவத்தை நான் மதிப்பது இதற்காகவே. புள்ளி வராதபோதும் பக் அவரிடம் நின்றது.

2022 மே மாதத்தில் நான் ஓர் அறிக்கை எழுதுவதாயிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "பலகையோரத்தில் பக்கைக் காப்பதில் வளர்ந்த ஆண்களுக்கு இப்போதே இணையானவர். நீளமான கைகளுக்குள் மென்மையான மட்டை வேலை. குறுகிய இடத்தில் ஒருவரைத் தாண்டக்கூடியவர். ஷாட் கனமானது, ஆனால் எடுக்கத் தயங்குகிறார். உச்ச வேகம் போதுமானது. நின்ற நிலையிலிருந்து முதல் மூன்று எட்டுகள் மந்தம். பக்கை வாங்கும் முன் சுற்றிலும் பார்க்கும் பழக்கம் குறைவு, இது உடல் ஆதிக்கத்தின் பக்கவிளைவு. அறிவுக் குறை அன்று. பெரிய ஆட்டங்களில் சுருங்குவதில்லை. முதல் வரிசை விங்கராக முடிவார். அதற்கு இரண்டு முழுப் பருவங்கள் பிடிக்கும். முதல் பருவ எண்களைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம்." அறிக்கையில் "அடுத்த இன்னார்" என்ற ஒப்பீட்டை மட்டும் ஒருபோதும் எழுத மாட்டேன். படிப்பவர் அந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற வரிகளை மறந்துவிடுவார்.

தரவுக்கணக்கு:

"முதல் வரிசை விங்கர்" என்று 2022 மே மாதத்திலேயே எழுதும் துணிவு எனக்கு வராது, பனிமலர் அக்கா. ரைட்டையும் கூலியையும் சென்டர்கள் என்பதற்காகவே முன்னே வைத்திருப்பேன். ஆட்டத்தின் மூன்று பகுதிகளிலும் வேலை செய்யும் இடம் அது. தெரிவில் ஓர் இடம் முன்னே வைக்க அது போதும்.

பனிமலர்:

மொன்றியலிடம் அப்போதே சுசுகி இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். சென்டருக்கு அருகில் நிற்க ஒரு பெரிய உடல் தேவைப்பட்ட அணி அது. ஆனாலும் உங்கள் கணக்கை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

நீலக்கோடு:

புதுமட்டைக்கும், இந்த வீரரைத் தொடக்கத்திலிருந்து பார்க்க விரும்பும் எவருக்கும் ஒரு பரிந்துரை. பெய்ஜிங்கில் ஸ்வீடனை 4–0 என வென்ற வெண்கல ஆட்டத்தையே எல்லாரும் போட்டுப் பார்க்கிறார்கள்; அதில் அவர் இரண்டு கோல் அடித்தார். அதை விட்டுவிட்டு பின்லாந்துடனான இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் சுற்றில் ஸ்லோவாக்கியா 6–2 எனத் தோற்றது. அந்த இரண்டு கோல்களும் அவருடையவை. அரையிறுதியில் அதே பின்லாந்து 2–0 என வென்றது. அவருக்குப் புள்ளியே இல்லை. இடைப்பட்ட நாட்களில் பின்லாந்தின் பயிற்சியாளர்கள் அவரை நன்றாகவே படித்திருப்பார்கள். பலகையில் அவருக்கு எவ்வளவு இடம் தந்தார்கள், நடுவில் எவ்வளவு தந்தார்கள் என்று இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடதிசை:

அரையிறுதியை இந்த வாரமே மீண்டும் பார்த்து, ஷிஃப்ட் வாரியாகக் குறிப்பெடுத்து இங்கே இடுகிறேன். தரவுக்கணக்கு, இரண்டு ஆட்டங்களிலும் அவர் ஆடிய நிமிடங்களின் பட்டியல் உங்களிடம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்; பவர் பிளே நேரத்தைத் தனியாகப் பிரித்துத் தந்தால் இன்னும் நல்லது.